ஏகாதசியன்று ஏற்றிய உப்புநீர்

காவிரி இரு கை விரித்து அணைத்த தீவில், அரவணைமேல் துயில்வதுபோல் கண்மூடிக் கிடந்தபடியே, புல்லின் நுனிக்கும் புழுவின் வாய்க்கும் வேண்டிய நீரை வேளை தவறாது அளக்கின்ற பெருமானை முதற்கண் தொழுகின்றேன். நாவுக்கு ஈரம் தந்தவன் அவன். அந்த ஈரம் உள்ளவரை அவன் பெயரைச் சொல்லும் பேற்றையும் அவனே தரவேண்டும்.

இன்று ஆவணித் திங்கள், வளர்பிறை, திருவோணம் கூடிய நன்னாள். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையோரே, உங்கள் வேண்டுகோளை இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன். இந்நாளில் தொடங்கினால் எழுத்து நேராக அமையும் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுக்கின்றேன். செய்முறைகளை நான் எழுதப்போவதில்லை. அவை நூல்களில் என்னைவிட நன்றாக எழுதப்பட்டுள்ளன. பாதி இன்று வழக்கொழிந்தும் போயின. அளவு தெரிந்த கை எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை மட்டும் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

தேசம் விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மைசூரில் எங்கள் கூடம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது; சாலைக்கு எதிர்ப்புறம் மருத்துவமனை. எங்கள் வேலை கணையத்தைப் பற்றியது. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த உறுப்பு உணவைச் செரிக்கும் சாற்றைச் சுரக்கிறது. அது கொடிதாக அழன்றுவிட்டால், அந்தச் சாறே உறுப்பைத் தின்னத் தொடங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாமலே உடல் வறண்டுபோகும், இரத்தம் கெட்டிப்படும், சிறுநீர் நின்றுவிடும். மயக்கமருந்து கொடுத்த நாய்களில் அந்நோயை உண்டாக்கி, நரம்பு வழியே உப்புநீரையும் பிளாஸ்மா எனும் இரத்தத்தின் தெளிநீரையும் ஏற்றினால் உயிர் நிற்குமா, எவ்வளவு ஏற்றினால் நிற்கும் என்று பார்த்துவந்தோம். உயிர்களை வருத்தும் வேலைதான். வேறு வழி அன்று எங்களுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

கூடத்தின் தலைவர் கன்னடம் பேசும் ஒரு பேராசிரியர். தம் பெயரை எங்கும் பொறிக்க விரும்பாதவர். நானும் இங்கே பொறிக்கவில்லை. தமிழ் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். எதைச் சொன்னாலும் "நோடோண" என்பார். பார்ப்போம் என்று பொருள். நான் அவரிடம் உதவியாளன். இரத்தத்தின் கெட்டித்தன்மையை அளப்பதும், எடைக்குத் தக்கபடி உப்புநீரைக் கணக்கிட்டு ஏற்றுவதும் என் பொறுப்பு.

நாய்களைப் பராமரித்தவர் முத்துரங்கன். தமிழ் எல்லையை ஒட்டிய கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் பளிச்சென்று நாமம். தோளில் எப்போதும் ஒரு துண்டு. ஒவ்வொரு நாய்க்கும் பெருமாளின் பெயர் ஒன்றைச் சூட்டி, "கோவிந்தா, இங்க வாடா, கடிக்காதடா" என்று அழைப்பார். அறுவைக்குப் போகும் நாயின் காதில் ஏதோ சொல்லித்தான் அனுப்புவார். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம சாமி பேருதானுங்க. வேற என்னத்த அதுக்குக் குடுத்து அனுப்பறது?" என்றார்.

அந்த ஆண்டு எங்களை ஒரு புதிர் வாட்டியது. எடைக்கு இவ்வளவு என்று வகுத்த அளவு பெரும்பாலான நாய்களுக்குப் பொருந்தியது. சிறுநீர் வந்தது, நாடி நிலைத்தது. ஆனால் சில நாட்களில் மட்டும் அதே அளவு எதற்கும் போதவில்லை. தொடக்கத்திலேயே இரத்தம் கெட்டியாக இருக்கும். ஏற்றிய நீர் போன இடம் தெரியாது. மாலைக்குள் நாய் இறந்துவிடும். நீரைக் காய்ச்சி வடிக்கும் கலத்தைச் சந்தேகித்துத் தேய்த்துக் கழுவினோம். ரப்பர் குழாய்களை மாற்றினோம். பிடித்துவந்த நாய்களிலேயே குறை என்று சிலர் சொன்னார்கள். பேராசிரியர் "நோடோண" என்றார். எங்கள் கூடத்துச் சுவரில் ஆங்கிலத் தேதி மட்டும் தொங்கியது, திதி தொங்கவில்லை.

ஒருநாள் முற்பகல் நாய்க்கூண்டுகளின் அருகே முத்துரங்கன் சுருண்டு விழுந்தார். மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். வாந்தி நிற்கவில்லை. சாலையைக் கடந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். வார்டின் இளம் மருத்துவர் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று அஞ்சினார். என்னிடம் இரத்தத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். சோதனையில் ஐயத்துக்கு இடமில்லை. நாங்கள் நாய்களில் உண்டாக்கிய அதே நோய், எவரும் உண்டாக்காமலே எங்கள் மனிதருக்கு வந்திருந்தது. இரத்தம் குழாயில் பாகுபோல் நின்றது.

நான் சோதனை முடித்து வார்டுக்குத் திரும்பியபோது முத்துரங்கனின் நாடி நூலாகியிருந்தது. கண்கள் குழிந்திருந்தன. நர்ஸ் ஞானம்மாள் உப்புநீர்ப் பாட்டிலைக் கம்பத்தில் தொங்கவிட்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முத்துரங்கன் தம் கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க. இன்னைக்கு ஏகாதசி."

ஞானம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க சார். எங்க கிறிஸ்தவங்க தபசு காலத்துலகூடத் தண்ணி குடிப்போம். இவரு என்னடான்னா சலைனே கூடாதுங்கறாரு."

"வாய் வழியாப் போகலையே முத்து, நரம்பு வழியாத்தானே போகுது?" என்றேன்.

"எந்த வாசல்ல நொளஞ்சா என்னங்க சாமி? தண்ணி தண்ணிதானுங்க."

அவர் மனைவி நாச்சம்மாள் கட்டிலின் காலைப் பற்றியபடி தரையில் அமர்ந்திருந்தார். "இந்த மனுசன் பேச்சக் கேக்காதீங்க சாமி. குத்துங்க. நாஞ் சொல்றன், குத்துங்க."

"நீ சும்மா இரு அம்மிணி. நாளைக்குப் பொழுது விடியட்டும். அப்பறம் ஊத்தட்டும், எத்தனை வேணுமின்னாலும்."

அவர் விடியலைக் காணமாட்டார் என்பது அந்த அறையில் எனக்கும் மருத்துவருக்கும் தெரிந்திருந்தது. நோயுற்றோருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று நான் சொன்னேன். நூல் அறிந்த செருக்கில் கொஞ்சம் நீட்டியே சொன்னேன். அவர் வலிக்கிடையே கண்ணைத் திறந்து பார்த்தார்.

"சாக்குத் தேடறவங்களுக்கு அந்த வெலக்குங்க. நீங்க ஏகாதசிக்கு ரவை உப்பிட்டு, அதாங்க உப்புமா, சாப்புடுவீங்க, எனக்குத் தெரியாதா? நான் நேத்து மத்தியானத்துல இருந்து எச்சக்கூட முழுங்கலீங்க. நான் எதுக்கு? என் நாய்ங்களே ஏகாதசிக்குத் தண்ணியத் தொடாதுங்க. மக்யா நாள் விடிஞ்சதும் கத்திக்குப் போறதுங்க, ஒரு புண்ணியமாச்சும் சேத்துக்கிட்டுப் போகட்டும்னு நாந்தான் கிண்ணத்த எடுத்து வெச்சிருவேன்."

நாய்கள் இறந்த நாட்களை மனத்தில் எண்ணிப் பார்த்தேன்; ஒவ்வொன்றும் ஏகாதசிக்கு மறுநாள்.

நாங்கள் மாதக்கணக்காகக் கழுவித் துடைத்துத் தேடியது இதைத்தான். அந்த நாய்கள் எங்கள் மேசைக்கு வரும்போதே வறண்டு வந்திருக்கின்றன. ஈரமாக வந்த உடலுக்கு வகுத்த அளவை வறண்டு வந்த உடலுக்கும் ஊற்றிவிட்டு, அளவு சரி என்று நின்றிருக்கிறோம். இப்போது கட்டிலில் கிடப்பவரும் அப்படியே வந்திருக்கிறார். அவருக்கும் அதே அளவைத்தான் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்.

இளையோரே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். என் நாவில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "நீ தண்ணீரை எடுத்து வைத்ததால்தான் அவை செத்தன" என்பதே அது. உண்மையான வாக்கியம். அதைச் சொன்னால் அவர் பிடிவாதம் நொறுங்கியிருக்கும், கை நீண்டிருக்கும். கூடவே அவரும் நொறுங்கியிருப்பார். உயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அதை விட்டுவிடுவதற்கு ஒரு காரணத்தை நான் கொடுத்திருப்பேன். வாயைத் திறந்துவிட்டேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் என் தோளைத் தொட்டார். தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் இரண்டு செய்தி சொன்னார். நாளை அறுவைக்குப் போகவிருந்த நாயின் கூண்டுக்குத் தண்ணீர் வைக்க ஆள் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இவரிடம் அதைப்பற்றி இன்று பேசவேண்டாம் என்றும் சொன்னார். முத்துரங்கன் நாய்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அவரும் அனைத்தையும் புரிந்துகொண்டிருந்தார். என்னைவிட ஓர் அடி முன்னாலும் போயிருந்தார்.

முத்துரங்கன் ஒரு வழி சொன்னார். "ரங்கநாதர் தீர்த்தம் இருக்குதுங்க, அம்மிணி மடியில. அத அந்தப் பாட்டில்ல ரெண்டு சொட்டு விடுங்க. தீர்த்தமின்னா நான் தட்டமாட்டேன்."

நாச்சம்மாள் அப்போதே சிறு செப்புச் செம்பை அவிழ்த்து நீட்டிவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த தீர்த்தம், துளசி மிதந்தது. தீர்த்தத்தை மறுத்துப் பழகாத குடும்பம் என்னுடையது. ஞானம்மாள் பாட்டிலைக் கையால் மறைத்துக்கொண்டார். காய்ச்சி வடிக்காத அந்த நீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் நடுக்கக் காய்ச்சல் கண்டு முத்துரங்கன் போய்விடுவார் என்பதை நான் அறிவேன். கலந்துவிட்டேன் என்று பொய் சொல்லலாம். அவர் நம்புவார். பெருமாள் பெயரால் ஒரு மனிதரை ஏமாற்றி அவர் நரம்பில் ஊசி குத்த எனக்குக் கை வரவில்லை.

"தீர்த்தம் தலைக்கு முத்து. நரம்புக்கு இல்ல. கலந்தா ஜன்னி கண்டுரும், நான் கலக்கமாட்டேன்" என்று சொல்லி, அதை அவர் சிரத்தில் தெளித்தேன். பிறகு மனத்தில் வந்ததைச் சொன்னேன். "உன் விரதத்த என்கிட்டக் குடுத்துரு. முடியாதவனுக்குப் பதிலா இன்னொருத்தன் இருந்து முடிக்கலாம். அது நம்ம பெரியவங்க ஒத்துக்கிட்ட வழி. இந்த நிமிஷத்துல இருந்து நான் தண்ணி தொடமாட்டேன். நாளைக்குச் சூரியன் வர்ற வரைக்கும். உன் ஏகாதசி குறையாது."

நாச்சம்மாள், "நான் இருக்கறேனுங்க சாமி" என்றார்.

"நீ உன்னோடத இருக்கற அம்மிணி. ஒரு வயித்துல ரெண்டு ஏகாதசியா?" என்றார் முத்துரங்கன். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வலியிலும் அவர் உதடு கோணியது. "நீங்களா? உப்பிட்டு சாமியா?"

"நானேதான்."

"காப்பி?"

"காப்பியும் இல்ல."

ஞானம்மாள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துரங்கன் என் வலக்கையைப் பிடித்து, அதில் ஒன்றுமில்லாத ஒன்றை வைப்பதுபோல் அழுத்தினார். பிறகு தம் கையை நீட்டினார்.

நீர் இறங்கத் தொடங்கியது. நான் மருத்துவரிடம், அவர் எழுதிய அளவு போதாது, இவர் நேற்றிலிருந்தே வறண்டவர், இன்னும் மிகுதியாக வேண்டும் என்றேன். அவர் தயங்கினார், அவர் தயக்கம் மூடத்தனமன்று. மிகுதியாக ஊற்றினால் நீர் நுரையீரலில் ஏறும், படுக்கையிலேயே மூழ்கிப்போவார். நாய்களில் அதையும் கண்டிருந்தோம். இருவரும் பேராசிரியரைப் பார்த்தோம்.

"எவ்வளவு என்று கேட்கவேண்டாம்" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து. "கொஞ்சம் கொடுக்கலாம். பார்க்கலாம். மறுபடி கொடுக்கலாம். பாட்டிலைப் பார்க்கவேண்டாம், அவரைப் பாருங்கள்."

அப்படியே செய்தோம். நாடியைப் பிடித்தேன், கழுத்து நரம்பைப் பார்த்தேன், மார்பில் குழலை வைத்துக் கேட்டேன், சிறுநீர்க் குழாயின் முனையில் இருந்த புட்டியைப் பார்த்தேன். புட்டி காய்ந்தே இருந்தது. ஒரு பாட்டில் தீர்ந்தது, அடுத்தது ஏறியது. உப்புநீரோடு இரத்தத்தின் தெளிநீரும் ஏறியது. வெயில் சன்னலில் சாய்ந்தது. எனக்கு நா ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அதற்கு முன் நீரில்லாத விரதம் ஒன்றை நான் முழுதாக இருந்ததில்லை. ஒவ்வொரு சொட்டும் கண்ணாடிக் குமிழுக்குள் விழும் ஓசை கேட்பதுபோல் தோன்றியது. வறட்சி என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அச்சொல்லுக்கு ஒரு சுவை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாலை விளக்கேற்றும் வேளையில் ஞானம்மாள் குனிந்து பார்த்து, "சார்!" என்று கூவினார். புட்டியின் அடியில் மஞ்சளாகச் சிறிதளவு தேங்கியிருந்தது. பிறகு இன்னும் சிறிது. எதனோடு ஒப்பிட்டாலும் நாக்கூசும், ஒப்பிடாமல் விடுகிறேன். நாச்சம்மாள் மட்டும் எவ்விதக் கூச்சமும் இன்றி அந்தப் புட்டியை நோக்கிக் கைகூப்பினார்.

நாடி திரண்டது. எனக்கு உற்சாகம் பொங்கியது. அடுத்த பாட்டிலை எடுத்து, வேகத்தைக் கூட்டத் திருகில் கை வைத்தேன். இன்னும் வேண்டும், இவருக்கு இன்னும் வேண்டும் என்று என் உடலெல்லாம் சொல்லிற்று.

"நில்லிசி" என்றார் பேராசிரியர். நிறுத்துங்கள் என்று பொருள்.

"இன்னும் வறட்சி இருக்கிறது சார்."

அவர் முத்துரங்கனின் கழுத்தைச் சுட்டினார். நரம்பு நிரம்பியிருந்தது. குழலை என் காதில் வைத்து மார்பின் அடிப்பகுதியில் பொருத்தினார். மெல்லிய நொறுநொறுப்பு ஒன்று தொடங்கியிருந்தது. நான் அதைக் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

"இது யார் தாகத்துக்கு ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டார்.

கடிந்த குரலில்லை. மெய்யாகவே அறிய விரும்புபவர்போல் கேட்டார். நான் திருகிலிருந்து கையை எடுத்தேன். வேகத்தைக் குறைத்து, சொட்டுச் சொட்டாக விட்டோம். நொறுநொறுப்பு அடங்கியது. என் பணிக்காலம் முழுவதும் எந்த நோயாளியின் பக்கத்தில் நின்றாலும், எந்த விலங்கின் பக்கத்தில் நின்றாலும், திருகைத் தொடுமுன் அந்தக் கேள்வி என்முன் வந்து நின்றது. அஞ்சி நிறுத்துவதும், ஆசையில் ஊற்றுவதும் எதிரெதிர்ப் பிழைகள் என்று எண்ணியிருந்தேன். இரண்டிலும் நாம் பார்ப்பது நம்மைத்தான்; எதிரே கிடப்பவரை அன்று.

இரவு எவ்விதமோ கழிந்தது. சன்னலில் சூரியன் தெரிந்ததும் முத்துரங்கன் கண் திறந்தார். முதற்சொல்லாக, "சாமி தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

"இல்ல. உன் கண்ணு முன்னால குடிக்கணும்னுதான் இருக்கேன்."

ஞானம்மாள் ஒரு டம்ளர் நீட்டினார். பெருமாளை நினைந்து குடித்தேன். அவர் என் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?"

"வாய்ல ஒண்ணும் கெடையாது. கணையம் ஆறணும். இன்னும் சில நாளைக்குப் பாட்டில்தான்" என்றார் ஞானம்மாள்.

"அடப் பெருமாளே! ஏகாதசிய அவருகிட்டக் குடுத்துட்டன், அவரு முடிச்சுட்டாரு, எனக்கு இன்னும் முடியலீங்களா?" என்றார். நாச்சம்மாள் அப்போதுதான் அழுதார்.

அவர் தேறி எழுந்து கூடத்துக்குத் திரும்பிவரச் சில வாரங்கள் ஆயின. வந்த அன்றே பேராசிரியர் அவரைத் தம் அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் மொழிபெயர்க்கக் கூட இருந்தேன். சேர்த்துவைத்த முடிவுகளையெல்லாம் தள்ளிவிட்டு ஆய்வைப் புதிதாகத் தொடங்கப்போவதாகச் சொன்னார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. நாய்கள் வறண்டு வந்ததை அளவிட்டும் ஏன் என்று கேளாதிருந்தது தம் பொறுப்பு என்றார். இனி எந்த நாளானாலும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

முத்துரங்கன் குனிந்து தம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பதிலா நீங்க இருந்தீங்க. அதுங்களுக்குப் பதிலா இருக்கறதுக்கு யாருங்க சாமி இருந்தாங்க?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியருக்குப் புரிந்திருந்தது, அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார்.

இளையோரே, உங்கள் மேசைக்கு வரும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு மொழியில்லை. தம் விரதத்தை எவரிடமும் ஒப்படைக்க அவற்றால் இயலாது. கருவிகளும் அளவுகளும் உங்களிடம் எங்களைவிட மிகுதியாக உள்ளன. அவை நல்லவை, பயன்படுத்துங்கள். அளவை எழுதுமுன் அந்த உயிர் உங்கள் வாசலுக்கு எந்த நிலையில் வந்தது என்று கேளுங்கள். எழுதிய பின்னும், யார் தாகம் என்று கேளுங்கள்.

இதைப் படிப்போரும், படிக்கக் கேட்போரும், படிக்க நேரமின்றி நோயாளியின் அருகே நிற்போரும் நாவறளாது வாழ்க. அவர்கள் கையால் நீர் பெறும் உயிர் யாவும் குளிர்க. காவிரி வற்றாதிருக்க, அவளை அணிந்து துயில்பவன் ஒவ்வொரு வாய்க்கும் உரியதை உரிய வேளையில் அளந்தருள்க. சுபம்.